இரண்டு மில்லிமீட்டர்

தாராவியில் எங்கள் சந்துக்கு
நாலரை மணிக்குத் தண்ணீர் வரும்.
அதற்கு முன் குழாயில் காற்று வரும், உறுமிக்கொண்டு.
காற்று மட்டும் வந்து நின்றுபோகிற நாட்கள் உண்டே,
அப்படித்தான் ஆனது என் கண்.

முதலில் பாராட்டுதான் கிடைத்தது.
நாலு கிலோ சின்ன வெங்காயம் உரித்தும்
சொட்டுத் தண்ணீர் விடாத ஒரே ஆள் நான்.
"முப்பிடாதிக்குக் கல்நெஞ்சு" என்று சிரித்தார்கள்.
எரிச்சல் இருந்தது.
அதைக் கழுவத்தான் எதுவும் வரவில்லை.
அதைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

பிறகு இமைக்குள் ரவை.
பிறகு விடியலில் இமை விழியோடு ஒட்டிக்கொள்ள,
கல்லை விட்டு வராத தோசையைப்போல்
ஓரத்திலிருந்து மெதுவாகப் பெயர்க்க வேண்டியிருந்தது.
வாயும் காய்ந்தது.
தினம் முந்நூறு இட்லி அவிக்கிறவளுக்கு
ஒரு இட்லி தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லை.
விரல் முட்டிகள் வீங்கியதற்கு
கிரைண்டர் கல்லைத் தூக்குவதைக் குற்றம் சொன்னேன்.

சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் கர்மார்கர்
கோடு போட்ட தாள்துண்டை மடித்துக்
கீழிமையில் சொருகினார்.
ஐந்து நிமிடம் கண்ணை மூடு என்றார்.
அடுப்படியில் ஐந்து நிமிடம் என்றால் அரை ஈடு.
தாள் நனைந்தது இரண்டு மில்லிமீட்டர்.
பத்துக்கு மேல் வரவேண்டுமாம்.

சாயம் விட்டு நீல விளக்கடித்தார்.
கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகளாம்.
உதட்டின் உள்பக்கம் ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார்கள்.
பத்து நாள் கழித்து, இந்தியும் மராத்தியுமாகப் பதில்:
கிருமி இல்லை. வெளியாள் யாருமில்லை.
உன் உடம்பின் காவல்காரர்கள்தான்
கண்ணீர்ச் சுரப்பிக்குள் கும்பலாகப் புகுந்து
குடியிருக்கிறவர்களைத் திருடன் என்று அடிக்கிறார்கள்.

"ஏன்?"
அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
"முழுசாக யாருக்கும் தெரியாது."
அந்தப் பதிலுக்காகத்தான் அவரை நம்பினேன்.

நோய்க்கு யாரோ வெள்ளைக்காரன் பெயர். ஷோக்ரன்.
சுடலைமணி அதைச் சோகராணி என்கிறான்.
நான் திருத்தவில்லை.

காவல்காரர்களை அமர்த்துகிற சொட்டுமருந்து
மிளகாய்ச் சாறாக எரிந்தது.
மூன்று மாதமாவது பொறு என்றார்கள்.
அதுவரை செயற்கைக் கண்ணீர்.
ஒரு குப்பிக்கு எத்தனை இட்லி என்று
அடுப்பைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன்.

அப்புறம் அடைப்பான்.
கண்ணின் உள்மூலையில் ஊசிமுனை ஓட்டை ஒன்றாம்,
கண்ணீர் மூக்குக்கு வடிகிற வழி.
அதை மூடிவிடுவார்களாம்.
நான் பயந்தேன். சுடலைமணி பயப்படவில்லை.
பதினெட்டு வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறவன்.
"வரத்து கம்மின்னா வடிகாலத்தானே அடைக்கணும்" என்றான்.
"எத்தனை எம்.எம். டாக்டர்?"

அதுவும் போதாமல், கடைசியில் என் ரத்தம்.
எடுத்துச் சுழற்றி, சிவப்பெல்லாம் அடியில் தங்க,
மேலே தெளிந்ததை உப்புநீரில் கலந்து
குப்பிகளில் கொடுத்தார்கள். வடிகஞ்சி நிறம்.
ஃப்ரீசரில், துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில்,
பெயர் எழுதிய பன்னிரண்டு குப்பிகளாக நான்.
"சட்னிக்கு எடுத்துறாதீங்க" என்று
மகன் எழுதி ஒட்டியிருக்கிறான்.
அடித்ததும் இந்த ரத்தம், ஆற்றுவதும் இது.
திட்டவும் ஆளில்லை, கும்பிடவும் ஆளில்லை.

ஆடி மாதம். சந்தில் முழங்கால் தண்ணீர்.
பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன்.
வலது கண் ஓரத்தில் ஏதோ ஊர்ந்தது.
சுடலைமணி டார்ச்சைத் தூக்கிப் பிடித்து,
ஜாயிண்டில் கசிவு பார்க்கிறவனாக
முகத்துக்கு நேரே குனிந்தான்.
"ஏட்டி, லீக் ஆவுது."

அழவில்லை நான். நெடிதான்.
தாடைவரை போகட்டும் என்று
கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.
அவனும் துடைக்கவில்லை.
மிளகாய் கருகிவிட்டது.